ஆறு கோடுகள் ஐந்தாகும்போது

நுழையும்முன்

ஒரு நாட்டில் பதிவான டிவிடி குறுந்தகடு மற்றொரு நாட்டுத் தொலைக்காட்சியில் படம் காட்ட மறுப்பதுண்டு. தகட்டின் அளவு உலகெங்கும் ஒன்றே, பதிவிலும் பழுதில்லை. ஆயினும் ஒலி மட்டும் கேட்கும், அல்லது படம் கறுப்பு வெள்ளையாகி மேலும் கீழும் உருளும். எழுத்து ஒன்றாக இருந்தும் மொழி வேறாக இருப்பதைப் போன்றது இந்நிலை. ஒரு முறையில் பதிந்த காட்சியை மற்றொரு முறைக்கு மாற்றும்போது எது நிலைக்கிறது, எது இழக்கப்படுகிறது என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

மின்சாரம் வகுத்த எல்லை

தமிழ்நாட்டில் நடந்த திருமணத்தின் டிவிடி குறுந்தகட்டைக் கனடாவில் வாழும் உறவினருக்கு அனுப்புவது 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் பல குடும்பங்களின் வழக்கம். தகடு போய்ச் சேரும். டொராண்டோவில் இருக்கும் டிவிடி பிளேயர் அதை ஏற்காது. ஆனால் அங்கிருந்து வரும் தகடு இங்கே பெரும்பாலும் தடையின்றி ஓடும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையான பிளேயர்களில் மிகுதியானவை இருமுறைகளையும் படிக்கக் கூடியவை. வட அமெரிக்காவில் விற்பனையானவற்றுள் பல, தம் நாட்டு முறை ஒன்றை மட்டுமே அறிந்தவை. இந்த வேறுபாட்டின் வேர், குறுந்தகட்டிலோ தொலைக்காட்சிப் பெட்டியிலோ இல்லை. வீட்டுச் சுவரில் உள்ள மின்செருகியின் பின்னால் இருக்கிறது.

அமெரிக்காவில் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 60 முறை அலைவுறுகிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 முறை. தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில், திரை புதுப்பிக்கப்படும் வேகம் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போகாவிடில், கருநிழல் பட்டைகள் படத்தின்மேல் ஊர்ந்து செல்லும். அந்த இடையூறைத் தவிர்க்கவே ஒவ்வொரு நாடும் தன் மின்சாரத்தை அளவுகோலாகக் கொண்டது. 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏற்கப்பட்ட முறையில் ஒரு படத்துக்கு 525 கிடைக்கோடுகள், நொடிக்கு 30 படங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதி பின்னர்க் கைக்கொண்ட முறையில் 625 கிடைக்கோடுகள், நொடிக்கு 25 படங்கள்.

இவ்வாறு வரும் முழுப்படம் ஒவ்வொன்றும் ஒரு சட்டகம் எனப்படும். சட்டகம் ஒரே தடவையில் வரையப்படுவதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகளும் அடுத்து இரட்டைப்படைக் கோடுகளுமாக இரண்டு அரைச்சட்டகங்களாய் வரையப்படுகிறது. ஆகவே 30 சட்டகம் என்பது 60 அரைச்சட்டகம். 25 சட்டகம் என்பது 50 அரைச்சட்டகம். மின்சாரத்தின் எண்ணும் தொலைக்காட்சியின் எண்ணும் ஒத்திருப்பது தற்செயல் அன்று.

ஜப்பானின் நிலை வியப்புக்குரியது. தோக்கியோவை உள்ளடக்கிய கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும், ஒசாக்காவை உள்ளடக்கிய மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரமும் இன்றும் வழங்குகின்றன. ஆயினும் நாடு முழுமைக்கும் அமெரிக்க முறைத் தொலைக்காட்சியையே ஜப்பான் ஏற்றது. நுட்பம் வளர வளரக் காரணம் தேய்ந்துபோகிறது. எண் மட்டும் தங்கிவிடுகிறது.

வண்ணம் வந்தபோது

1953ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கா வண்ண ஒளிபரப்புக்கான நெறியை ஏற்றது. அதை வகுத்த குழுவின் பெயர்ச்சுருக்கமே என்.டி.எஸ்.சி. என்னும் பெயராயிற்று. ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் புதிய ஒளிபரப்பைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வண்ணத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் ஒன்றையொன்று குலைக்காமலிருக்க, நொடிக்கு 30 என்ற வேகம் ஆயிரத்தில் ஒரு பங்களவு குறைக்கப்பட்டது. நொடிக்கு 29.97 சட்டகம் என்னும் முழுமையற்ற எண் அன்று பிறந்தது. சட்டகங்களை முப்பது முப்பதாக எண்ணிக் காலம் கணித்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி பிழை நேரும். அதைச் சரிசெய்ய ஒரு மணிக்கு 108 சட்டக எண்களைத் தாண்டி எண்ணும் வழக்கம் தோன்றியது. தாண்டப்படுவது எண்தான், படம் எதுவும் நீக்கப்படுவதில்லை.

என்.டி.எஸ்.சி. முறையில் அலை சிறிது பிறழ்ந்தாலும் நிறம் மாறிவிடும். மனித முகம் பச்சை பூசினாற்போல் தோன்றும். மேற்கு ஜெர்மனியில் தெலிஃபுங்கன் நிறுவனப் பொறியாளர் வால்டர் புரூக் இதற்கு ஒரு தீர்வு கண்டார். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நிற அலையின் நிலையை மாற்றி மாற்றி அனுப்பினால், ஒன்றில் நேரும் பிழையை மற்றொன்றின் பிழை ஈடுசெய்யும். கோட்டுக்குக் கோடு நிலை மாறுவது என்னும் பொருள்பட அம்முறைக்குப் பி.ஏ.எல். என்று பெயரிட்டார். கண்டுபிடித்தவர் தம் பெயரையே சூட்டியிருக்கலாமே என்று கேட்டபோது, உடைவு என்று பொருள்படும் தம் பெயரைத் தாங்கிய முறையை யார் விரும்புவர் என அவர் விடை பகர்ந்ததாகச் சொல்வர்.

1967ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று பெர்லினில் வில்லி பிராண்ட் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தி மேற்கு ஜெர்மனியின் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார். அவர் விரல் முழுதாக அழுத்துமுன்பே திரையில் வண்ணம் மலர்ந்துவிட்டது. பொத்தான் வெறும் தோற்றத்துக்காக வைக்கப்பட்டது. உண்மையான இணைப்பை வேறிடத்தில் ஒரு நுட்பப் பணியாளர் கொடுத்தார். அதே ஆண்டில் பிரான்சு, செக்காம் என்னும் தனிமுறையைக் கைக்கொண்டது. இந்தியா பி.ஏ.எல். முறையைத் தேர்ந்தது; 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இங்கு வண்ண ஒளிபரப்பு வேரூன்றியது.

தகட்டில் இருப்பது என்ன?

1996ஆம் ஆண்டு ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. அதில் காட்சி எண்களாகப் பதிவாகிறது. பி.ஏ.எல். தகடு என்றும் என்.டி.எஸ்.சி. தகடு என்றும் வழங்கினாலும், புரூக் கண்ட நிலைமாற்றும் நுட்பமோ அமெரிக்கக் குழுவின் நிற அலையோ தகட்டில் இல்லை. அவற்றைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் வேளையில் பிளேயர்தான் உருவாக்குகிறது. தகட்டில் எஞ்சியிருப்பவை பழைய முறைகளின் அளவுகள் மட்டுமே: எத்தனை கோடு, நொடிக்கு எத்தனை படம்.

என்.டி.எஸ்.சி. தகட்டில் ஒரு சட்டகம் கிடையாக 720 படப்புள்ளிகளும் நெடுக்காக 480 கோடுகளும் கொண்டது. பி.ஏ.எல். தகட்டில் 720 படப்புள்ளிகள், 576 கோடுகள். முன்னதில் நொடிக்கு 29.97 சட்டகம், பின்னதில் 25. இனி ஒரு சிறு பெருக்கல். 29.97ஐ 30 எனக் கொண்டால் 480 × 30 = 14,400. மறுபுறம் 576 × 25 = 14,400. 720ஆல் பெருக்க, இரண்டிலும் நொடிக்கு 1,03,68,000 படப்புள்ளிகள். விடை ஒன்றே!

இரு முறைகளும் ஒரு நொடிக்குத் தரும் செல்வம் சமமானது. ஒன்று அதைக் கோடுகளில் மிகுதியாகச் செலவிடுகிறது. மற்றொன்று காலத்தில் மிகுதியாகச் செலவிடுகிறது. ஆகவே பி.ஏ.எல். காட்சியை என்.டி.எஸ்.சி.க்கு மாற்றுவோர் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். ஒவ்வோர் ஆறு கோடும் ஐந்தாக வேண்டும். ஒவ்வோர் ஐந்து சட்டகமும் ஆறாக வேண்டும். முதல் வேலையில் இருப்பது குறைகிறது. இரண்டாவதில் இல்லாத ஒன்று படைக்கப்படுகிறது. இடரெல்லாம் இவ்விரண்டில் அடங்கும்.

தெரிந்து தெளிவோம்

காட்சிமுறையும் மண்டலக் குறியீடும் வேறுவேறு. விற்பனை உரிமையைக் காக்கத் திரைப்பட நிறுவனங்கள் உலகைப் பல மண்டலங்களாகப் பிரித்தன. அமெரிக்காவும் கனடாவும் மண்டலம் 1. இந்தியா மண்டலம் 5. ஜப்பானும் இங்கிலாந்தும் மண்டலம் 2இல் அடங்கும். ஆனால் ஜப்பானியத் தகடு என்.டி.எஸ்.சி., ஆங்கிலேயத் தகடு பி.ஏ.எல். வெளிநாட்டுச் சந்தையை நாடிய இந்தியத் திரைப்படத் தகடுகள் பல, மண்டலத் தடையின்றி என்.டி.எஸ்.சி. முறையிலேயே அச்சாயின.

காலத்தை நீட்டலும் சுருக்கலும்

திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடுவது. அதைப் பி.ஏ.எல். தகட்டில் ஏற்றுவோர் பெரும்பாலும் எளிய வழியையே நாடினர். 24ஐ 25ஆக விரைவுபடுத்தினர். இரண்டு மணி நேரப் படம் 115 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். கண்ணுக்கு இது புலப்படுவதில்லை. செவிக்குப் புலப்படும். ஒலியைத் தனியே சரிசெய்யாவிடில் பாடகரின் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயர்ந்து ஒலிக்கும். திரையரங்கில் கேட்ட பாடலை நன்கறிந்த இசைவாணர் அதைத் தகட்டில் கேட்டு முகம் சுளித்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

அமெரிக்க முறையில் 24ஐ 30ஆக விரைவுபடுத்தினால் நடிகர்கள் ஓடத் தொடங்கிவிடுவர். ஆகவே ஒரு படத்தை இரண்டு அரைச்சட்டகங்களாகவும் அடுத்த படத்தை மூன்று அரைச்சட்டகங்களாகவும் மாறிமாறிக் காட்டுவர். நான்கு படம் பத்து அரைச்சட்டகமாகும். 24 படம் 60 ஆகும். வேகம் மாறுவதில்லை. ஆனால் கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் ஒரு நுண்ணிய தயக்கம் தென்படும்.

திரைப்படத்தை முறைமாற்றுவது இதனால் சற்று எளிது. பி.ஏ.எல். தகட்டில் உள்ள படத்தை மீண்டும் 24க்கு மெதுவாக்கி, இரண்டு மூன்று என்னும் அடுக்கில் அமைத்தால் போதும். திருமணக் காட்சியோ, நாட்டிய அரங்கேற்றமோ, கோவில் திருவிழாவோ வீடியோ கேமராவில் நேரே நொடிக்கு 50 அரைச்சட்டகமாகப் பதிவானவை. ஒவ்வோர் அரைச்சட்டகமும் ஒரு தனிக் கணம். அவற்றிலிருந்து 60 கணங்களை உண்டாக்க வேண்டும்.

உள்ளதையே மீண்டும் காட்டுவது முதல் வழி. அசைவு விட்டுவிட்டு வரும். அடுத்தடுத்த இரு கணங்களைக் கலந்து புதிய கணத்தை ஆக்குவது இரண்டாம் வழி. அசைவு சீராகும், ஆனால் நாட்டியப் பெண்ணின் ஒரு கை இரு கைகளாக நிழலாடும். பொருள் எங்கிருந்து எங்கே நகர்கிறது எனக் கணித்து இடைநிலையை வரைவது மூன்றாம் வழி. இதுவே சிறந்தது, கணிப்பொறிக்குக் கடினமானதும் இதுவே. அது தவறும்போது விரல்கள் உருகி ஒட்டிக்கொண்டாற்போல் தோன்றும்.

இவற்றுள் இரண்டாம் வழியே மலிவான மென்பொருள்களில் மிகுதி. அதன் கேடு உடனே தெரிவதில்லை. கலந்த கணத்திலிருந்து மூலக் கணங்களைப் பின்னாளில் மீட்க இயலாது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் கணிப்பொறிக்குள் இல்லை.

உயரத்தைக் குறைப்பதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டு அரைச்சட்டகங்களும் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பதிவானவை. அவற்றைப் பிரிக்காமல் 576 கோடுகளையும் ஒரே படமாகக் கருதி 480ஆகச் சுருக்கினால், முன்கணமும் பின்கணமும் ஒன்றோடொன்று பிசைந்துபோகும். அசையும் பொருளின் விளிம்பில் சீப்பின் பற்கள் போன்ற கீறல்கள் தோன்றி நிலைத்துவிடும். அரைச்சட்டகங்களின் வரிசை முன்பின்னாக மாறினாலோ, நடப்பவர் ஓரடி முன்வைத்து அரையடி பின்வாங்குவதுபோல் துடிப்பார்.

பட்டியும் பொத்தானும்

காட்சியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது எனக் கருதுவோர் பலர். தகட்டைப் பிளேயரில் இட்டவுடன் தோன்றும் தெரிவுப் பட்டியை அவர்கள் மறந்துவிடுகின்றனர். உண்மையில் மாற்றுவோரின் பொறுமையைச் சோதிப்பது இப்பகுதிதான்.

தெரிவுப் பட்டி பார்வைக்கு ஒரே படம். அமைப்பில் மூன்று அடுக்கு. அடியில் பின்னணிப் படம். அதன்மேல், தேர்ந்த பொத்தானை ஒளிரச் செய்யும் மெல்லிய மேற்படலம். அதற்கும் மேல், கண்ணுக்குத் தெரியாத செவ்வகங்கள். இச்செவ்வகங்களே உண்மையான பொத்தான்கள். ஒவ்வொன்றும் தன் நான்கு எல்லைகளையும், ரிமோட்டின் மேல், கீழ், இடம், வலம் அம்புக்குறிகளை அழுத்தினால் எந்தப் பொத்தானுக்குச் செல்வது என்பதையும், தேர்ந்தால் என்ன செய்வது என்னும் கட்டளையையும் தாங்கியிருக்கும். ‘பாடல்கள்’ என்று எழுதியிருப்பது பின்னணிப் படத்தில், செயல்படுவது வேறிடத்தில். பெர்லினில் பிராண்ட் அழுத்திய பொத்தானின் கதைதான் இங்கும்.

பின்னணிப் படத்தை மட்டும் 576இலிருந்து 480 கோடுகளாகச் சுருக்கி, செவ்வகங்களை அப்படியே விட்டால் என்ன நேரும்? மேலே 120ஆம் கோட்டில் இருந்த எழுத்து 100க்கு வந்துவிடும். ஒளிரும் பகுதி 120இலேயே நிற்கும். விலகல் 20 கோடு, பலர் கவனிக்கமாட்டார்கள். 480ஆம் கோட்டில் இருந்த எழுத்தோ 400க்கு ஏறிவிடும். விலகல் 80 கோடு. கடைசிப் பொத்தானின் செவ்வகம் 500 முதல் 540 வரை இருந்ததாயின் அது புதிய படத்தின் எல்லைக்கே வெளியே போய்விடும். ரிமோட்டை அழுத்துபவருக்கு எதைத் தேர்ந்தோம் என்பது திரையில் தெரியாது. எல்லா எல்லைகளையும் ஐந்தால் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். விடை முழு எண்ணாக வாராதபோது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணைக் கொள்ள வேண்டும். அரைச்சட்டகம் இரண்டும் சமமாகப் பங்குகொள்ள வேண்டுமல்லவா? 500 என்பது 416.67 ஆகும், 416 எனக் கொள்ளலாம்.

மேற்படலம் இதனினும் நுட்பமானது. அதில் ஒரு வேளையில் நான்கு நிறங்களுக்கே இடமுண்டு. படங்களைச் சுருக்கும் வழக்கமான முறை அண்டையிலுள்ள நிறங்களைக் கலந்து இடைநிறங்களை உண்டாக்கும். நான்கு நிறத்துக்குள் இடைநிறத்துக்கு இடமேது? ஆகவே கலக்காமல், ஆறு கோட்டில் ஒன்றை அப்படியே விட்டுவிடுகின்றனர். திரையின் அடியில் தோன்றும் சப்டைட்டில் எழுத்துகளும் இதே மேற்படல முறையில் படமாகவே பதிவானவை. அவற்றுக்கும் இதே கதி.

இங்கே தமிழ் எழுத்துக்கு ஒரு தனி இடர் உண்டு. உரோமன் எழுத்தில் ஒரு கோடு குறைந்தால் வடிவம் சற்றுக் குட்டையாகும், பெரும்பாலும் படித்துவிடலாம். தமிழில் மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்துவது ஒரு புள்ளி. சிறிய எழுத்தில் அப்புள்ளியின் உயரம் இரண்டோ மூன்றோ கோடு. நீக்கப்படும் கோடு அதன்மேல் விழுந்தால் புள்ளி மெலியும். ஒரே கோட்டு உயரமாயின் மறையும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். ‘பாடல்கள்’ என்பது ‘பாடலகள’ ஆகும். ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டதால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று. எஞ்சிய புள்ளியும் ஒரே கோட்டில் நின்றால் ஓர் அரைச்சட்டகத்தில் தோன்றி அடுத்ததில் மறைந்து மினுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே தமிழ் எழுத்துள்ள பட்டியையும் சப்டைட்டிலையும் சுருக்குவதைவிட, 480 கோட்டுத் திரைக்கென எழுத்துகளைப் புதிதாக அடுக்கி அமைப்பதே முறை. உழைப்பு மிகுதிதான், வேறு நல்ல வழி இல்லை.

இவை முடிந்தபின் தகட்டின் பொருளடக்கம் எஞ்சுகிறது. காட்சித் தரவு வி.ஓ.பி. என்னும் கோப்புகளில் இருக்கும். எந்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது, நொடிக்கு எத்தனை சட்டகம் என்னும் செய்திகள் ஐ.எஃப்.ஓ. என்னும் கோப்புகளில் இருக்கும். அவற்றின் மறுபடியாகப் பி.யு.பி. கோப்புகள் அமையும். ஒரு நூலை வேறு எழுத்தளவில் மறுபதிப்புச் செய்தால் பக்க எண்கள் மாறும்; பழைய பொருளடக்கத்தையே ஒட்டினால் படிப்போர் திண்டாடுவர். காட்சிக் கோப்பை மட்டும் மாற்றி, ஐ.எஃப்.ஓ. கோப்பைப் பழையதாகவே விட்டால் மூன்றாம் பாடலைத் தேர்ந்தவர்க்கு வேறெங்கோ நடுவில் காட்சி தொடங்கும். சில பிளேயர்கள் அப்படியே நின்றுவிடும். தகட்டை ஆக்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் மீண்டும் கோத்துப் புதிய பொருளடக்கம் பெறுவதே பாதுகாப்பானது.

மாற்ற வேண்டுமா?

முறைமாற்றத்தில் ஒவ்வொரு படியிலும் சிறிது இழப்பு உண்டு. டிவிடிக் காட்சி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை விரித்து, மாற்றி, மீண்டும் சுருக்கும்போது நுண்விவரங்கள் இன்னொரு முறை தேய்கின்றன. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மாற்றம் தேவைதானா என்பதே. கணிப்பொறி 25, 29.97 என்னும் இரு வேகங்களையும் பொருட்படுத்துவதில்லை. எந்த முறைத் தகட்டையும் காட்டும். உறவினர் கணிப்பொறியில் பார்க்கக்கூடுமாயின் மூலத்தின் நேர்ப்படியை அனுப்பினால் போதும்.

தேவை என்றால் மூலத்தை அழிக்காமல் மாற்ற வேண்டும். வீட்டில் எழுதப்பட்ட தகடுகளின் சாயப்படலம் வெயிலிலும் ஈரத்திலும் நாளடைவில் கெடும். மறைந்த பாட்டியின் குரலும் நடையும் அந்த ஒரே தகட்டில்தான் இருக்கின்றன என்னும் வீடுகள் பல. அத்தகைய தகட்டின் கோப்புகள் அனைத்தையும் மாற்றமின்றி முதலில் படியெடுத்து வைத்துவிட்டு, அப்படியிலிருந்தே பிற வடிவங்களை ஆக்க வேண்டும். இன்று தயங்கும் மென்பொருள் செய்யும் இடைக்கணத்தை நாளைய மென்பொருள் செம்மையாக வரையக்கூடும். அதற்கு மூலம் மூலமாகவே இருந்தாக வேண்டும்.

உயர்தெளிவுத் தொலைக்காட்சி வந்தபின் கோட்டுச் சண்டை முடிந்தது. 1080 கோடு என்பது உலகப் பொது அளவாயிற்று. காலச் சண்டை முடியவில்லை. இந்திய ஒளிபரப்பு 25, 50 என்னும் எண்களிலேயே இயங்குகிறது. இந்திய மாணவர் கையிலுள்ள திறன்பேசியோ பெரும்பாலும் நொடிக்கு 30 சட்டகமாகப் படம் எடுக்கிறது. பழைய குழல்விளக்கின் கீழ் அத்திறன்பேசியில் எடுத்த காட்சியில் ஒளிப்பட்டைகள் மெல்ல ஊர்ந்து செல்வதைக் காணலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் 30 சட்டகமும் அங்கே மீண்டும் மோதுகின்றன.

கற்பவை கற்றபின்

பி.ஏ.எல். தகட்டின் தெரிவுப் பட்டியில் 360ஆம் கோட்டில் உள்ள பொத்தான் என்.டி.எஸ்.சி. தகட்டில் எக்கோட்டில் அமையும் எனக் கணக்கிடுக. 150 நிமிடத் திரைப்படம் பி.ஏ.எல். தகட்டில் எத்தனை நிமிடம் ஓடும் என்பதையும் கண்டறிக.

திரைப்படப் பெயர்கள் பத்தினைப் புள்ளியின்றி எழுதி நண்பரிடம் கொடுக்க. அவர் எவற்றைப் பிழையின்றிப் படித்தார், எவற்றில் தடுமாறினார் என்பதைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.